மேல்வீட்டுத் தண்ணீர்

வெளிநாட்டிலிருந்து பிஷ்கெக்குக்குக் குடிவருகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்து, அவர்கள் கால் ஊன்றும்வரை கூடவே நிற்பதுதான் கனிஷாயின் பிழைப்பு. வயது நாற்பது. பேச்சுக்குப் பஞ்சமில்லாதவள். சாவியைக் கொடுத்த கையோடு, வந்தவரைச் சமையலறை மேஜையில் உட்கார வைத்து ஊர் நடப்பை ஒரு மூச்சில் சொல்லி முடிப்பாள். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது. வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கை குலுக்கக் கூடாது. சிற்றுந்தில் பின்னாலிருந்து ஒருவர் காசை நீட்டினால், வாங்கி முன்னால் கடத்திவிட வேண்டும். குளிர்காலத்தில் புகை இறங்கும் நாட்களில் ஜன்னலைத் திறக்கவே கூடாது.

மார்ச் மாதம் வந்து சேர்ந்த லூர்தெஸ் போர்ச்சுகல்காரி. வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கணக்கு டீச்சர். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே தூங்கிவிடுவார்கள், இவள் மட்டும் ஒவ்வொன்றுக்கும் "ஏன்?" என்று கேட்டாள். கனிஷாய்க்கு அவளைப் பிடித்துப்போனது அதனால்தான். இரண்டே மாதத்தில் கடைக்காரரிடம் பேரம் பேசவும், நின்றுகொண்டே பயணம் செய்யவும், உடைந்த ரஷ்ய மொழியில் மாடிப்படியில் பார்க்கிறவர்களையெல்லாம் நலம் விசாரிக்கவும் லூர்தெஸ் பழகிவிட்டாள். 'இந்த வருஷத்தில் நம் கை பட்டு உருப்பட்ட ஒரே ஆள்' என்று கனிஷாய் மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பாத்மாவிடமிருந்து போன் வந்தது. லூர்தெஸின் வீட்டுக்கு நேர் கீழ்வீட்டுக்காரி அவள். தையல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"மேல்வீட்டுச் சாவி உன்கிட்ட இருக்குல்ல? எடுத்துக்கிட்டு ஓடி வா!"

"என்னாச்சுக்கா?"

"என்னாச்சா? உன் போர்ச்சுகல்காரி இஸிக்குல் ஏரிய என் கூடத்துல இறக்கி வச்சிருக்கா! இன்னிக்குப் பாத்தா இறக்கணும்?"

பாத்மாவின் மகள் பெகிமாய்க்குக் காதில் தோடு போட்டுக் கல்யாணத்தை உறுதி செய்ய, மலைக்கு அந்தப் பக்கத்து நாரினிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்குத்தான் வருகிறார்கள். அந்தச் செய்தி கட்டடம் முழுக்கத் தெரியும்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பாத்மாவின் கணவர் நிலவறையில் இறங்கித் தண்ணீரை அடைத்துவிட்டு, முழங்கால்வரை நனைந்து படியேறிக்கொண்டிருந்தார். மேல்வீட்டைத் திறந்ததும் நடந்தது என்னவென்று புரிந்துவிட்டது. விடியற்காலையிலிருந்து தெருவுக்கே தண்ணீர் இல்லை. லூர்தெஸ் பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்திருக்கிறாள். காற்றுதான் வந்திருக்கிறது. அப்படியே விட்டுவிட்டுப் பள்ளி விழாவுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையை ஒரு தட்டு அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் திரும்பி வந்ததும் தொட்டி நிரம்பி, வழிந்து, குழாய் ஓரத்துச் சந்தில் இறங்கி, கீழ்வீட்டுக் கூடம்வரை பரவியிருக்கிறது. மேலே நனைந்தது சமையலறைத் தரை மட்டும்தான். கீழேதான் கூரை உப்பி, சுண்ணாம்பு பெயர்ந்து, புதிதாக ஒட்டிய சுவர்க்காகிதம் துணி மாதிரித் தொங்கியது.

அதுகூடப் பரவாயில்லை. சுவரோரம் மரப்பெட்டியின் மேல் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்த மெத்தைகள் சொட்டச் சொட்ட நனைந்து நின்றன. ஆட்டுரோமம் அடைத்து, குளிர்காலம் பூராவும் உட்கார்ந்து பாத்மா தன் கையால் தைத்த சீர் மெத்தைகள். அவள் அவற்றைப் பார்த்து அழவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் தேவலையே என்று கனிஷாய்க்குத் தோன்றியது.

செய்தி கேட்டு லூர்தெஸ் வாடகைக் காரில் பறந்து வந்தாள். விழாவுக்குப் போட்ட நல்ல உடையோடு கதவருகே நின்றாள். அந்த நிலையிலும் செருப்பைக் கழற்ற மறக்கவில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, "நான் தப்பு. ரொம்ப தப்பு. மன்னிப்பு," என்றாள்.

பாத்மா அவளை விட்டுவிட்டுக் கனிஷாய் பக்கம் திரும்பினாள்.

"ரொட்டியக் கவுக்காத, விசிலடிக்காதன்னு பாடம் நடத்துறியே, தண்ணி நின்னா குழாய மூடணும்னு இவகிட்டச் சொன்னியா?"

கனிஷாய் வாயைத் திறப்பதற்குள் லூர்தெஸ் முந்திக்கொண்டாள். "சொன்னாங்க. நான் மறந்தது."

கனிஷாய் திகைத்துப்போனாள். தப்பித்துக்கொள்ள வழி தானாகவே திறந்துகொண்டது. வீட்டுக்காரர் கேட்டாலும், வேலை கொடுக்கிறவர்கள் கேட்டாலும் இந்த ஒரு வார்த்தை போதும். ஆனால் இந்த ஊரில் பிறந்தவர்கள் யாருக்கும் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தண்ணீர் நின்றால் கை தானாகப் போய்க் குழாயை மூடிவிடும். அதனாலேயே அது அவள் ஞாபகத்துக்கு வந்ததேயில்லை.

"இல்லக்கா," என்றாள். "நான் சொல்லல. எனக்குத் தோணவே இல்ல."

பாத்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லாயிருக்கு. பழிய எடுத்துக்க ரெண்டு பேர் போட்டி போடுறீங்க. என் சம்பந்திய உக்கார வைக்க ஒரு எடம் சொல்லுங்கடி!"

சம்பந்தி வீட்டார் டொலோன் கணவாயைத் தாண்டிவிட்டதாகக் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். திரும்பிப் போங்கள் என்று சொல்ல முடியாது. முற்றத்தில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. தரையைத் துணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்த பெகிமாய் நிமிர்ந்தாள்.

"மேல கூட்டிட்டுப் போயிடலாம்மா. அவங்க கூடம் காஞ்சுதான் இருக்கு."

"வெளிநாட்டுக்காரி வீட்லயா? நமக்குன்னு ஒரு வீடு இல்லன்னு நெனச்சுக்குவாங்கடி."

"இப்படிக் கூரை ஒழுகுறதப் பாத்தா மட்டும் என்ன நெனப்பாங்களாம்?"

விஷயத்தைக் கனிஷாய் லூர்தெஸுக்கு விளக்கினாள். அவள் பாதியிலேயே, "என் வீடு உங்க வீடு! வாங்க, வாங்க!" என்று படியேற ஆரம்பித்துவிட்டாள்.

அதற்கப்புறம் கட்டடமே கிளம்பியது. தாழ்வான மேஜையை எதிர்வீட்டு ஆண்கள் தூக்கினார்கள். காய்ந்த மெத்தை கொடுத்தவர்கள், கிண்ணம் கொடுத்தவர்கள், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக்கை அண்டா அண்டாவாகச் சுமந்தவர்கள் என்று படிக்கட்டு நிறைந்தது. பாத்மா கடைசியாக ஓர் உத்தரவு போட்டாள். "யாராவது கேட்டா, கீழ சுண்ணாம்பு அடிக்கிறோம், இது எங்க சொந்தக்காரங்க வீடுன்னு சொல்லணும். ஒருத்தர் வாயிலிருந்தும் வேற வார்த்தை வரக் கூடாது."

மாப்பிள்ளையின் அம்மா சூரகான் உயரமானவள். வெள்ளைத் தலைத்துணி, வெயிலில் கறுத்த முகம். இரண்டு பெண்களும் மைத்துனர் ஒருவரும் கூட வந்திருந்தார்கள். வாசலுக்கு எதிரே, மூத்த விருந்தாளிக்கு உரிய இடத்தில் அவளை உட்கார வைத்தார்கள். நலம் விசாரித்தாள், பிள்ளைகளை விசாரித்தாள், ஆடு மாடுகளை விசாரித்தாள். அத்தனைக்கும் நடுவே அவள் கண் வீட்டைச் சுற்றி வந்தது. அலமாரியில் கணக்குப் புத்தகங்கள். சுவரில் கடலோரத்து ஊர் ஒன்றின் படம்.

தேநீர் ஊற்றும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள் லூர்தெஸ். குற்ற உணர்ச்சியில் கை தாராளமாகிவிட்டது. சூரகானின் கிண்ணத்தைத் தளும்பத் தளும்ப நிரப்பி, இரண்டு கைகளாலும் ஏந்தி, சிந்தாமல் கொண்டுபோய் வைத்தாள்.

கூட வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால், இன்னும் இருந்து பேசுங்கள் என்று பொருள். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று பொருள். கனிஷாய் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். இதையும் அவள் சொல்லியிருக்கவில்லை.

சூரகான் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு பாத்மாவைப் பார்த்தாள். "என்ன சம்பந்தி, இன்னும் கறியக்கூடக் கண்ணுல பாக்கல. அதுக்குள்ள அனுப்பி வைக்கிறீங்க?"

"ஐயோ, அப்படியில்ல! அது வந்து... அவ எங்க சொந்தக்காரங்க..."

"சொந்தக்காரங்களா? இந்தப் பொண்ணா?"

பாத்மாவின் முகம் வெளுத்தது. இதற்கு மேல் மறைத்தால் இன்னும் அசிங்கமாகும் என்று கனிஷாய்க்குப் பட்டது.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. இவ போர்ச்சுகல்காரி. தேத்தண்ணி எப்படி ஊத்தணும்னு நான்தான் சொல்லிக் கொடுக்கல. இது இவ வாடகைக்கு இருக்கிற வீடு. காலைல குழாயத் திறந்து விட்டுட்டுப் போயி, கீழ பாத்மா அக்கா வீடு நனைஞ்சு போச்சு. உங்களுக்குக் குறை வரக் கூடாதுன்னுதான் இங்க விருந்து வச்சோம்."

"எவ்வளவு நனைஞ்சுது?"

"கூரை, சுவர்..." என்று இழுத்த கனிஷாய், பாத்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, "சீர் மெத்தைகளும்," என்றாள்.

சூரகான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "எங்க, காட்டுங்க."

எல்லோரும் வரிசையாகப் படியிறங்கினார்கள். பாத்மாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சூரகான் உப்பிய கூரையை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே மெத்தை அடுக்குக்குப் போனாள். ஒன்றின் மூலையைத் திருப்பித் தையலை விரலால் நீவினாள். உள்ளே அழுத்திப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"இது இலையுதிர்காலத்துல கத்தரிச்ச ரோமமா?"

"ஆமா," என்றாள் பாத்மா. "நானே கழுவி, நானே அடிச்சது."

"நல்ல ரோமம். இப்படியே வச்சா நாளைக்கு நாறிடும். துணிய அவுத்துக் காயப் போடணும். வெயில் இருக்கிறப்பவே செஞ்சுடணும்." தன்னோடு வந்த பெண்களிடம் திரும்பினாள். "என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கத்தரிக்கோல் கேட்டு வாங்குங்க."

"நீங்க விருந்தாளி, நீங்க போயி..."

"என் வீட்டுக்கு வரப்போற மெத்தை, சம்பந்தி. இதுல நான்தான் தூங்கணும்."

மெத்தைகளை முற்றத்துக்கு இறக்கினார்கள். பாப்ளார் மரங்களுக்கு நடுவே பழைய விரிப்புகளைப் பரப்பி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். ஈர ரோமத்தைக் கொத்துக் கொத்தாக எடுத்து உதறிப் பரப்பினார்கள். ஆண்கள் துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டார்கள். லூர்தெஸ் கனிஷாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரலைப் பார்த்துப் பார்த்துத் தானும் பிரித்தாள்.

"அந்தத் தேநீர்," என்றாள் மெதுவாக. "இன்னும் என்ன சொல்லல நீங்க?"

"தெரியலயே," என்றாள் கனிஷாய். "அதான் பயமா இருக்கு."

தூரத்திலிருந்து சூரகான் கூப்பிட்டாள். "ஏ போர்ச்சுகல் பொண்ணு! உங்க ஊர்ல ஆடு உண்டா?"

கனிஷாய் மொழிபெயர்த்தாள். உண்டு, தன் மாமா வீட்டில் நிறைய உண்டு என்றாள் லூர்தெஸ்.

"அப்ப ஏன் ரோமத்தப் பூனைக்குட்டி மாதிரி தடவிக் கொடுக்கிற? இழுத்துப் பிரி!"

பாத்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். ஆனாலும் உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, "கூரைய நான் இன்னும் மறக்கல," என்று லூர்தெஸைப் பார்த்துச் சொன்னாள்.

கறி வெந்ததும் முற்றத்திலேயே பரிமாறினார்கள். மாடிக்கு ஏறலாமா என்று யாரும் கேட்கவில்லை. உண்ட கையைக் கழுவிவிட்டு, சூரகான் மடியிலிருந்த சிறு பையை அவிழ்த்தாள். பெகிமாயை மரத்தடியில் உட்கார வைத்து, தலையில் ஒட்டியிருந்த ரோமத்தை ஊதித் தள்ளிவிட்டு, இரண்டு காதிலும் வெள்ளித் தோட்டை மாட்டினாள். மைத்துனர் வாழ்த்துச் சொன்னார். வாழ்த்து முடிந்ததும் வழக்கப்படி எல்லோரும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். லூர்தெஸும் தடவிக்கொண்டாள். அதையும் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துச் செய்தாள்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் லூர்தெஸும் கனிஷாயும் ஏணி மேல் நின்று பாத்மாவின் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கீழே நின்று பாத்மா, விட்டுப்போன இடங்களையெல்லாம் கைகாட்டினாள். வேலை முடிந்ததும் சமையலறையில் உட்கார வைத்து, கிண்ணத்தில் மிகக் கொஞ்சமாகத் தேநீர் ஊற்றி, குடிக்கக் குடிக்க மறுபடி ஊற்றிக்கொண்டே இருந்தாள். பொழுது சாய்ந்த பிறகும் அவள் அவர்களை விடவில்லை.

மெத்தைகளைத் திரும்பத் தைத்து முடிக்க ஜூலை மாதம் ஆனது. ஆகஸ்டில் கல்யாணம். பெண் வீட்டுக் கூட்டத்தோடு லூர்தெஸும் வண்டியேறி, கணவாய் தாண்டி, நாரினுக்குப் போய் வந்தாள்.