மேல் காது

கண்ணாடிக்காரருக்கு முகங்களைவிடக் காதுகள்தான் நன்றாக நினைவிருக்கும். அவர் வேலை அப்படி. மூக்குக்கண்ணாடிக் கடையில் பவரெல்லாம் சீட்டில் எழுதி வந்துவிடும். சட்டத்தின் கால் காதுக்குப் பின்னால் எங்கே போய் உட்காரும், எவ்வளவு சூடு காட்டி எவ்வளவு வளைக்க வேண்டும் என்பதுதான் அவர் பாடு. சிலருக்கு ஒரு காது சற்றே ஏறியிருக்கும். சிலருக்குத் தலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வந்து நிற்பவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கண் அவர்கள் காதுக்குப் போய்விடும்.

"ஊர்ல இருக்கிற காதையெல்லாம் பாருங்க. வீட்ல பேசறது மட்டும் உங்க காதுல விழாது" என்பாள் மனைவி. அவர் சிரித்துக்கொண்டே செய்தித்தாளைத் திருப்புவார்.

மகளுக்குப் பதினாறு வயது. ஆளுயரம் வளர்ந்த பிறகும் வீட்டில் அவள் பெயர் பொடிசுதான். மேல் காதில் குத்திக்கொள்ள வேண்டும் என்று வெகுநாளாக அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மனமிரங்க, மூன்று பேருமாகக் கிளம்பினார்கள். கடைவளாகத்தின் மாடியில், செல்போன் பழுதுபார்ப்பவருக்கும் தையல்காரருக்கும் நடுவில் இருந்தது காது குத்தும் கடையின் சின்னக் கண்ணாடிக் கதவு. உள்ளே ஆஸ்பத்திரி வாசனை. காது குத்தும் பெண்ணின் இரண்டு காதிலும் இனிக் குத்த இடம் பாக்கியில்லை.

பொடிசு செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். காதின் உள்மடிப்பில் ஒரு சின்ன முத்து.

குத்துகிற பெண் அவள் காதை விரலால் மடக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இதுக்கு மடிப்பு நல்லாத் தூக்கலா இருக்கணும்மா. உனக்குப் பத்தாது. குத்தினாலும் தோல் வெளியே தள்ளிடும்."

"அப்ப இங்க?" பொடிசு காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் மேட்டைத் தொட்டாள்.

"நீ பாட்டுக் கேக்க எந்நேரமும் காதுல ஒண்ணைச் சொருகி வச்சிருப்பியே, அதுக்கு என்ன பண்ணுவ? மேல் விளிம்புல போட்டுக்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். கீழ் மடல் சதை, சீக்கிரம் ஆறிடும். மேல இருக்கிறது குருத்தெலும்பு. அங்க ரத்த ஓட்டம் கம்மி. ஒரு வருஷம்கூட ஆகலாம். பொறுமை இருக்கா?"

"இருக்கு இருக்கு."

"இவளுக்கா? நூடுல்ஸ் வேகற வரைக்கும் நிக்க மாட்டா" என்றாள் அம்மா.

குத்த வேண்டிய இடத்தைப் பேனாவால் புள்ளி வைத்தபோது கண்ணாடிக்காரர் எழுந்து வந்துவிட்டார். "கொஞ்சம் முன்னாடி தள்ளுங்க. இவ கண்ணாடி போடுவா. கால் வந்து அதுலதான் இடிக்கும்." அந்தப் பெண் பார்த்தாள், சரி என்றாள், புள்ளியை அழித்து முன்னால் வைத்தாள். ஊசி போய் வந்தது. பொடிசு கண்ணை மூடித் திறப்பதற்குள் பட்டன் போன்ற சின்னத் தோடு ஏறிவிட்டது.

"அடுத்தது எனக்கு" என்றாள் அம்மா.

கண்ணாடிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "உனக்கு எதுக்கு?"

"ஏன், எனக்குக் காது இல்லையா?"

அவள் கேட்டது வளையம். குத்துகிற பெண் தலையசைத்தாள். "வேணாம்க்கா. வளையம் அசைஞ்சுக்கிட்டே இருக்கும். முதல்ல பட்டன் போட்டு ஆற விடுங்க, அப்புறம் வளையத்துக்கு மாத்திக்கலாம்." மகள் கேட்டுக்கொண்ட புத்திமதியை அம்மா கேட்கவில்லை. வளையம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, போட்டுக்கொண்டுதான் இறங்கி வந்தாள். வெள்ளியில் சிறிய வளையம், பக்கவாட்டில் திறந்து மூடுகிற கொக்கி.

அதன் பிறகு காலையிலும் மாலையிலும் குளியலறை அவர்கள் இருவருக்குமே சொந்தமாகிப் போனது. உப்புத் தண்ணீரைப் பீய்ச்சி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, ஒருத்தி காதை ஒருத்தி சுத்தம் செய்வாள். "திருகாதே", "நகத்தால கிள்ளாதே", "கையைக் கழுவினியா?" என்று அம்மாவை அதட்டுவது மகள். கழுத்துக்கு வைக்கும் வளைந்த தலையணை ஒன்று வாங்கியிருந்தார்கள். படுக்கும்போது காது அதன் ஓட்டைக்குள் போய்விடும், நசுங்காது. இருந்த ஒரே தலையணைக்குத் தினமும் ஒரு குடுமிப்பிடி. முகத்தில் சோப்பு நுரையோடு வெளியே காத்திருக்கும் கண்ணாடிக்காரர், "நானும் இந்த வீட்லதான் இருக்கேன்" என்று கத்துவார்.

இப்படியே சில வாரங்கள் போயின. ஒரு நாள் காலை அவர் மனைவி, தான் கணக்கெழுதும் அச்சகத்தில், தலை வலிக்கிறது என்று மேசையில் சாய்ந்தாள். சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்தாள். சங்கிலி, கைக்கடிகாரம், கம்மல், அந்த வளையம்.

"மேல் காதுல இருந்தது இன்னும் ஆறலை சார். எடுக்கும்போது லேசா ரத்தம் வந்துச்சு" என்றாள் நர்ஸ், ஏதோ தான் தப்புச் செய்துவிட்டதைப் போல.

அவர் தலையாட்டினார். பையை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியின் உள்ளறையில் வைத்தார். அந்த அறையை அதற்குப் பிறகு அவர் திறக்கவேயில்லை. அழவுமில்லை. வந்த சொந்தக்காரர்கள் அவரைப் பார்த்து, "கல்லு மாதிரி நிக்கிறாரே" என்று பேசிக்கொண்டது அவருக்கும் கேட்டது.

வீடு ஓய்ந்துபோனது. காலையில் அவர் எழும்போது பொடிசு குளித்துவிட்டு அறைக்குள் போயிருப்பாள். அவர் ஏதோ சமைத்து மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போவார். திரும்பி வரும்போது பாதி அப்படியே இருக்கும். "சாப்டியா?" "ம்." "படிச்சியா?" "ம்." அதற்கு மேல் பேச்சு நீளாது. பேச்சை எடுத்தால் அது எங்கே போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அவர் அவள் முகத்தை நேராகப் பார்ப்பதையே விட்டிருந்தார். அம்மாவின் சாயல் அவளுக்கு அப்படியே இருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் கூடத்தில் உட்கார்ந்து பொடிசு புத்தகத்தை மூக்குக்கு நெருக்கமாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். முடியை விரித்து விட்டிருந்தாள். கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

"கண்ணாடி எங்க?"

"உள்ள இருக்கு."

"உள்ள இருந்து அது என்ன பண்ணுது? கண்ணு கெட்டுப் போகவா?" அவர் எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்து வந்தார். "போடு."

"அப்புறம் போட்டுக்கறேன்பா."

"ஊருக்கெல்லாம் நான் கண்ணாடி மாட்டி விடறேன், என் பொண்ணு கண்ணை இடுக்கிக்கிட்டு உக்காந்திருக்கா" என்று சொல்லியபடியே, தினமும் நூறு பேருக்குச் செய்கிற மாதிரி, கண்ணாடியை விரித்து அவள் முகத்தில் மாட்டினார். பொடிசு அலறிவிட்டாள்.

முடியை ஒதுக்கிப் பார்த்தார். காதின் மேல்பாதி பழுத்த மிளகாயாகச் சிவந்து, இரு மடங்காக வீங்கித் தலையைவிட்டு விலகி நின்றது. தொட்டால் கொதித்தது. வீங்கிய சதைக்குள் முக்கால்வாசி புதைந்து கிடந்தது அவர் மனைவியின் வளையம்.

"இது எப்படி இங்க..."

பொடிசு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "எடுக்காதீங்கப்பா. ப்ளீஸ்ப்பா, எடுக்காதீங்க."

அவருக்குத் தெரிந்த ஒரே இடம் அந்த மாடிக் கடைதான். குத்துகிற பெண் ஒரு பார்வை பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது. "பட்டனை யாரு எடுத்தது? ஆறாத ஓட்டைல வளையத்தை ஏத்தியிருக்கியே, சுத்தம்கூடப் பண்ணாம. அம்மா பாக்கலையா?"

கண்ணாடிக்காரர்தான் சொன்னார்: "அவங்க இல்லைம்மா. தவறிட்டாங்க."

அந்தப் பெண் கையுறையைக் கழற்றினாள். "நானும் இதை எடுக்க மாட்டேன், நீங்களும் எடுக்காதீங்க சார். எடுத்து ஓட்டை மூடிக்கிட்டா சீழ் உள்ளேயே நின்னுடும். குருத்தெலும்புக்குள்ள இறங்கியிருக்கும்போல இருக்கு. நேரா காது டாக்டர்கிட்ட போகணும், இப்பவே." காத்திருந்த இரண்டு பெண்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு அவளும் கூடவே வந்தாள்.

டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். "எத்தனை நாளா இப்படி?" என்று கண்ணாடிக்காரரைத்தான் கேட்டார். அவர் மகளைப் பார்த்தார்.

"ரெண்டு வாரமா வலிக்குது" என்றாள் பொடிசு தரையைப் பார்த்து.

"ரெண்டு வாரமா வீட்ல யாருமே பாக்கலையா?"

தினமும் எத்தனையோ காதுகளைத் தொட்டுப் பார்த்துக் கண்ணாடிக் காலை வளைத்துக் கொடுக்கிற மனிதர் அந்தக் கேள்விக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

கொக்கி சதைக்குள் மாட்டியிருந்தது. திறக்க வரவில்லை. வளையத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். "வெட்டாதீங்க, அம்மாது" என்று பொடிசு விசும்பினாள். மரத்துப்போக ஊசி போட்டார்கள். கண்ணாடிக்காரர் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டார். கருவி 'க்ளக்' என்று கடித்த ஓசை கேட்டதும் அவள் விரல்கள் அவர் சட்டையை இறுக்கிப் பற்றின. பிறகு கீறிச் சீழை வெளியேற்றினார்கள். சில நாள் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள்.

"காதைக் காப்பாத்திட்டோம்" என்றார் டாக்டர் கடைசியில். "வடிவத்தைக் காப்பாத்த முடியலை. உள்ள குருத்தெலும்பு கொஞ்சம் செத்துப்போச்சு. மேல் விளிம்பு மடங்கித்தான் நிக்கும்."

கட்டிலில் உட்கார்ந்து அவளே ஒரு நாள் சொன்னாள், அவர் கேட்காமலேயே. "அலமாரில இருந்து நான்தான் எடுத்தேன்பா. அம்மா காதுல இருந்து அதைக் கழட்டிட்டாங்க. பையில போட்டு உள்ள வச்சுட்டீங்க. எனக்குத் தாங்கலை. யார் காதுலயாவது அது இருக்கணும்னு தோணுச்சு. வலிச்சா வலிக்கட்டும்னு விட்டுட்டேன். சொன்னா நீங்க எடுக்கச் சொல்லுவீங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்று வாய்வரை வந்ததை அவர் விழுங்கினார். எப்போது சொல்வாள்? சாப்டியாவுக்கும் படிச்சியாவுக்கும் நடுவிலா?

"உள்ள தூக்கி வச்சது என் தப்புதான்மா" என்றார். "என்னால பாக்க முடியலை. அதான் வச்சேன்."

"நீங்க அழவே இல்லையேப்பா. உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு நெனச்சேன்."

அதற்கு அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். வார்த்தைக்குப் பதிலாக வேறொன்று வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, வெட்கமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். பொடிசு பயந்துபோய் முதலில் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு காலையும் மாலையும் காயத்தைக் கழுவிக் கட்டுவது அவர் வேலையாயிற்று. உப்புத் தண்ணீரை எவ்வளவு வெதுவெதுப்பாக வைக்க வேண்டும், எந்தப் பக்கமிருந்து ஒற்ற வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் இருவரும் குளியலறைக் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்க்காமல்தான் நின்றார்கள்.

"அம்மா ஏன் வளையம் கேட்டாங்கன்னு தெரியுமா?" என்றாள் ஒரு காலை.

"பிடிவாதம். வேறென்ன?"

"நானும் கேட்டேன். 'உங்கப்பா நான் சொல்ற எதையும் காதுல போட்டுக்க மாட்டேங்கிறார். அதான் என் காதுல நானே ஒண்ணு போட்டுக்கிட்டேன்'னாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. குரல், நிறுத்தம், கடைசிச் சொல்லின் இழுப்பு எல்லாம் அப்படியே அவர் மனைவியுடையது. சிரித்து முடிக்கும் முன்பே துணியைப் பிழிவது போல் திரும்பி நின்றுகொண்டார்.

"இன்னும் என்னெல்லாம் சொல்லுவா?" என்றார்.

"உங்களைப் பத்தியா? நிறைய. கோவிச்சுக்கக் கூடாது."

"இல்லை, சொல்லு."

கட்டுப் போட்டு முடித்த பிறகும் இருவரும் அங்கேயே நின்றார்கள். அவர் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். அவள் கதவில் சாய்ந்துகொண்டு, அம்மா அவரைப் பற்றி அடித்த கேலிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாதி அவருக்குத் தெரியாது. சிலவற்றுக்கு "பொய்" என்றார். சிலவற்றை இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அன்று அவர் கிளம்பவில்லை.