மேலே இருந்து பார்த்தால்

போடி கடைவீதியில் கண்ணுச்சாமியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பைலட்டு மொதலாளி என்றால்தான் தெரியும். மதுரையில் இண்டர் படிக்கப் போனவன், பாதியில் விட்டுவிட்டு விமானப் படையில் சேர்ந்தான். பர்மா சண்டையில் போர் விமானம் ஓட்டினான். உயிரோடு திரும்பி, அப்பாவின் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காப்பிக் கடையில் நாலு பேர் சேர்ந்தால் அவனை விடமாட்டார்கள்.

"மேகத்துக்கு மேல போனா மூச்சு முட்டுமாமே, மாப்ளே?"

முட்டும் என்பான். மூக்கில் குழாய் மாட்டிக்கொள்வதைச் சொல்வான். குளிரில் விரல் மரத்துப்போவதைச் சொல்வான். கேட்கிறவர்கள் வாய் பிளந்து நிற்பார்கள். தாழப் பறந்ததைப் பற்றி மட்டும் அவன் ஒரு நாளும் பேச்செடுத்ததில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசி. போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் காய் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு பகலில், மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விமானம் மரங்களை உரசுவதுபோல வந்தது. காட்டை அளக்க வந்த விமானம் என்று பிற்பாடு சொன்னார்கள். காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து நின்று கூச்சல் போட்டார்கள், கையை ஆட்டினார்கள். கண்ணுச்சாமியும் அண்ணாந்து பார்த்தான்.

பார்வையைத் தாழ்த்தியபோது, ஒருத்தி மட்டும் செடிகளுக்கு நடுவே சேற்றில் குப்புறக் கிடந்தாள். யாரோ மரத்தடியில் கிடத்தியிருந்த கைக்குழந்தையை இழுத்து வயிற்றுக்கடியில் போட்டு, முழங்கையை ஊன்றி அதை மூடியிருந்தாள். சத்தம் போய் வெகுநேரமாகியும் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"எந்திரி மாயக்கா, அது போயிருச்சு" என்று கங்காணி சோலைமலை அதட்டினான். கண்ணுச்சாமியிடம் திரும்பி, "பர்மாவுல இருந்து வந்தவ, மொதலாளி. பிளேனு சத்தம் கேட்டா இப்பிடித்தான்" என்றான்.

கண்ணுச்சாமி அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. பர்மாவில் மேலேயிருந்து பார்க்கும்போது மனிதர்கள் ஓடுவார்கள், சிதறுவார்கள். அடுத்த நொடி அவன் அவர்களைத் தாண்டிப் போயிருப்பான். அதற்குப் பிறகு தரையில் என்ன நடக்கும் என்பதை அவன் பார்த்ததேயில்லை.

மறுநாள் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் மாயக்காள் அவனைத் தேடி வந்து நின்றாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தலை முழுக்க நரைத்திருந்தது.

"மொதலாளி, நீங்களும் சண்டையில பிளேனு ஓட்டுனவுகளாமே. சோலைமல அண்ணே சொன்னாரு."

"ஆமா."

"ஒண்ணு கேக்கணும். மேல இருந்து பாத்தா ஆளு தெரியுமா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நானும் எங்க வீட்டுக்காரரும் வயல் சோலிக்குத்தான் ரங்கூன் பக்கம் போனோம். ஜப்பான்காரன் வந்தப்புறம் ஊருக்கு வர வழியில்ல. அவன் சொன்னதச் செஞ்சாத்தான் கஞ்சி. நெல்லு ஏத்துன படகுல போனோம், ஐராவதி ஆத்துல. அப்ப ஒரு பிளேனு வந்துச்சு. றெக்கையில நீல வட்டம், வெள்ளைக்காரன் பிளேனு. நம்ம பக்கத்துப் பிளேனுதான், நம்ம பயலுககூட ஓட்டுவாகன்னு சொல்லி, எங்க வீட்டுக்காரரு துண்ட எடுத்து வீசுனாரு. நான் பிள்ளையத் தூக்கிக் காட்டுனேன்."

ஸ்டோருக்குள்ளே அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது.

"தூக்கிக் காட்டுன பிள்ளையப் பாத்துட்டுமா சுட்டான்? இத்தன வருஷமா மனசு அறுக்குது, மொதலாளி. நான் தூக்கலேன்னா விட்டிருப்பானோன்னும் தோணுது."

ஐராவதி என்று அவள் சொன்னவுடனே கண்ணுச்சாமிக்கு மூச்சு லேசானது. அவன் பறந்தது பர்மாவின் மேற்குக் கடற்கரையில், அரக்கான் பக்கம். இவள் படகு அவன் சுட்ட படகில்லை. அந்த நிம்மதி ஒரு கணம்தான் நின்றது. இதற்கா நிம்மதிப்படுகிறோம் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது.

அரக்கானிலும் ஆறு இருந்தது. பகலில் ஆற்றில் போகிற எந்தப் படகையும் விடக்கூடாது என்பது உத்தரவு. தண்ணீரைத் தொடுகிற மாதிரி இறங்கி வந்தான். துடுப்புப் போட்டவன் நிமிர்ந்து பார்த்தான். பக்கத்தில் ஒரு பொம்பளை, தலையில் மஞ்சள் துணி, கையை நெற்றிக்கு மேல் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு சிரித்தாள். பல் தெரிந்தது. அவன் கட்டைவிரல் அதற்குள் துப்பாக்கிப் பொத்தானை அழுத்தத் தொடங்கியிருந்தது. விரலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் முகாமில் அவனைத் தோளில் தட்டிப் பாராட்டினார்கள். அவனும் சிரித்தான்.

"மொதலாளி?"

"தெரியாது" என்றான் கண்ணுச்சாமி. "வர்ற வேகத்துக்கு ஒண்ணும் தெரியாது. படகுதான் தெரியும். ஆளெல்லாம் புள்ளி மாதிரி."

"பிள்ளை?"

"தெரியவே தெரியாது."

மாயக்காள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது, முகமே வேறாக இருந்தது. "நல்லா இருப்பீக, அப்பு. தெரியாமத்தான் செஞ்சிருக்கான். எவன் பெத்த பிள்ளையோ, அவனும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வார்த்தை அவனைத் தூங்கவிடவில்லை. கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவள் குடிசை வரைக்கும் போனான். ஒரு முறை அவள் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இந்தச் சிரிப்பைப் பறிக்க நமக்கு என்ன உரிமை என்று திரும்பினான். பயத்தில்தான் திரும்புகிறோம் என்பதும் தெரிந்தே இருந்தது.

மேலேயிருந்து ஆள் தெரியாது என்று அவன் சொன்ன பேச்சு மலையிறங்கிவிட்டது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் அங்கொருவர் இங்கொருவராக இருந்தார்கள். முதலில் குரங்கணியிலிருந்து ஒருவர் வந்தார். கார்த்திகையில் சிலமலையிலிருந்து மொக்கையன் என்ற சம்சாரி, முட்டி வீங்கிய காலோடு மலையேறி வந்தார். மாயக்காள்தான் கைப்பிடித்துக் கூட்டி வந்தாள்.

"எங்க தம்பி பர்மாவுல ரோட்டு வேலைக்குப் போனவன். திறந்தவெளியில நின்னவனச் சுட்டுப்புட்டாகளாம். மேல இருந்து தெரியாதாமே, அப்பு? இந்த ஆத்தா சொல்லுச்சு."

"நீங்களே சொல்லுங்க மொதலாளி" என்றாள் மாயக்காள். சாட்சிக்குக் கூட்டி வந்தவள்போலப் பெருமையாக நின்றாள்.

கண்ணுச்சாமி சொன்னான். இந்தத் தடவை தடுமாறவில்லை. வேகம் என்றான், வெயில் கண்ணைக் கூசும் என்றான், கண்ணாடியில் எண்ணெய் படியும் என்றான். அவன் வாய் தானாகப் பேசியது. பொய் இவ்வளவு நயமாக வருகிறதே என்று தன் குரலைக் கேட்டு அவனே குறுகிப்போனான். மொக்கையன் குனிந்து அவன் காலைத் தொட வந்தார். கண்ணுச்சாமி பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தான்.

"வேணாம்யா. அப்பிடிச் செய்யாதீக. வாங்க, ஜீப்புல ஊர்ல விட்டுட்டு வர்றேன்."

போடிமெட்டு தாண்டி வளைவுகளில் இறங்கும்போது மொக்கையனுக்குத் தூக்கம் வந்துவிட்டது. தலை சாய்ந்து கண்ணுச்சாமியின் தோளில் விழுந்தது. நிம்மதியாகத் தூங்கினார், வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணுச்சாமி தோளை அசைக்கவில்லை. மரத்துப்போகப் போக, வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு கீழே இறங்கினான்.