பதினெட்டு மூச்சு

அந்த வார்டில் படுத்திருந்த இருபத்திரண்டு பேரும் நிமிடத்துக்குச் சரியாகப் பதினெட்டு முறை மூச்சுவிட்டார்கள். ஆஸ்துமாக்காரருக்கும் பதினெட்டு, குடல் ஆபரேஷன் முடிந்தவருக்கும் பதினெட்டு. சார்ட் அப்படித்தான் சொன்னது. செத்தவனுக்கும் இவர்கள் பதினெட்டுதான் எழுதுவார்கள் என்று மூச்செண்ணிக்கு எரிச்சல். ஒரு நிமிடம் முழுக்க நின்று, நெஞ்சைப் பார்த்து எண்ணுகிற ஒரே நர்ஸ் என்பதால், கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பட்டம் அது. வேறு வேலையில்லாதவள் என்று பொருள்.

மதியம் இரண்டு மணி. தொடை எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆன பஸ் டிரைவருக்கு வலி தெரியாமல் இருக்க அடுத்த மார்ஃபின் ஊசி. அதற்கு இரண்டு நர்ஸ் கையெழுத்து வேண்டும். சின்ன நர்ஸ் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். சார்ட்டில் பதினெட்டு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

"அக்கா, ரெண்டாவது கையெழுத்து நீங்க போடுங்க. எனக்குப் பசி உயிர் போகுது."

மூச்செண்ணி பேனாவைத் தொடாமல் கட்டிலுக்குப் போனாள்.

"நிம்மதியாத் தூங்குறார்மா," என்றாள் டிரைவரின் மனைவி. "முழிச்சா கத்துவார். அதுக்குள்ள போட்டுடுங்க."

மூச்செண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள்.

"நெஞ்சுல என்ன படமா ஓடுது?" என்றாள் சின்ன நர்ஸ்.

"நிமிஷத்துக்கு ஏழு."

"விரல்ல மாட்டின மிஷின்ல எல்லாம் சரியாத்தானேக்கா காட்டுது?"

"மூக்குல ஆக்சிஜன் ஓடுறவரைக்கும் மிஷின் நல்லதாத்தான் காட்டும். உனக்குக் கண்ணு எதுக்கு இருக்கு?"

இமையைத் தூக்கினாள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது; மார்ஃபின் மிஞ்சிவிட்ட அடையாளம். கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த ஊசியோடு ஆள் முடிந்திருப்பார். "சார், மூச்சை இழுங்க!" என்று தோளை உலுக்கிக்கொண்டே டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள்.

டாக்டர் ஓடிவந்து மார்ஃபினை முறிக்கும் மாற்று மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். இரண்டே நிமிடம். டிரைவர் வார்டே அதிர அலறினார். மார்ஃபினோடு வலி நிவாரணமும் போய்விட்டது.

"ஐயோ, காலு! எந்தப் பாவிடி என்னை எழுப்பினது?"

மனைவி மூச்செண்ணியைக் காட்டினாள். "நல்லாத் தூங்குன மனுஷனைக் கெடுத்துட்டா இந்த மகராசி! புகார் நோட்டு எங்க இருக்கு?"

சின்ன நர்ஸ் பசியை மறந்து ஓடிப்போய் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சுறுசுறுப்பில் பாதி, எண்ணுவதற்கு இருந்திருக்கலாம்.

மாற்று மருந்தின் வேகம் சீக்கிரம் தணிந்துவிடும். மார்ஃபின் மறுபடி மூச்சை அமுக்கும். மூச்செண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். டிரைவர் அவளை, அவள் அப்பாவை, அவள் பரம்பரையை வரிசையாக இழுத்தார். கொஞ்ச நேரத்தில் குரல் தேய்ந்தது, இமை சரிந்தது.

அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"திட்டுங்க சார். நிறுத்திடாதீங்க."