பின்கொட்டகை

பொம்மசந்திராவில் பொழுது புலரும் முன்பே அந்த பிளாஸ்டிக் கம்பெனியில் மிஷின்கள் ஓடத் தொடங்கிவிடும். அச்சிலிருந்து சூடாக விழும் வாளிகளின் பிசிறைக் கத்தியால் சீவுவது உத்தமனின் வேலை. முன்பு மிஷின்கள் ஓடும் கூடத்துக்குள் இருபது பேரோடு சேர்ந்து சீவினான். இப்போது பின்கொட்டகையில் ஒற்றை ஆளாகச் சீவுகிறான்.

காசநோய் என்று தெரிந்ததும் இரண்டு மாதம் வீட்டிலிருந்து மாத்திரை தின்றான். சளிச் சோதனை சுத்தம், இனி யாருக்கும் ஒட்டாது, மாத்திரையை மட்டும் நிறுத்தாமல் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். மேனேஜர் ஞானசேகரன் அதைப் படித்துவிட்டுத் தனித் தட்டும் தனி டம்ளரும் கொடுத்து, கூடத்துக்குள் நுழையக் கூடாதென்று பின்கொட்டகைக்கு அனுப்பினார். அன்றிலிருந்து வாளிகள்தான் பேச்சுத்துணை. அவன் ஊர்க்காரனும் மிஷின் ஓட்டுபவனுமான கவியரசன்கூட எதிரில் கண்டால் ஒதுங்கிப் போகிறான். நோயைத் தாங்கியவனால் இந்த ஒதுக்கலைத் தாங்க முடியவில்லை.

அன்று காலை, வாளி அடுக்கும் வீணா கொட்டகை வாசலில் வந்து நின்று துப்பட்டாவுக்குள் இருமினாள்.

“மூணு வாரமா இருக்குண்ணா. ராத்திரியில வேர்த்துக் கொட்டுது. வெளிய சொன்னா வேலை போயிடும்.”

“சொல்லலைன்னா எல்லாருக்கும் பரவும்மா. தட்டு, டம்ளர்ல ஒட்டுற வியாதியில்ல இது. இருமுற காத்துல பரவுது. கூடத்துல ஜன்னல் பூரா அடைச்சுக் கெடக்கு.”

“உங்கள மாதிரி ஒத்தையில உக்கார எனக்குத் தெம்பில்லண்ணா.”

“வா. நான் கூட நிக்கிறேன்.”

நுழையக் கூடாதென்ற கூடத்துக்குள் உத்தமன் அவளோடு நுழைந்தான்.

“ஏய், உன்ன யாருய்யா உள்ள வரச் சொன்னா?” என்று சீறினார் ஞானசேகரன்.

வீணாவே முந்திக்கொண்டாள். “எனக்கும் மூணு வாரமா இருமல் சார். டெஸ்ட் எடுக்கப் போகணும்.”

கூடமே இரண்டடி பின்வாங்கியது.

“போனா அப்படியே போயிடு. கேட்டுக்கு வெளிய ஆளுக்கா பஞ்சம்?”

“வாளியில தூசி படியுதுன்னு ஜன்னல அடைச்சது நீங்க சார்,” என்றான் உத்தமன். “எங்க நெஞ்சு உங்க வாளிய விட மட்டமா?”

அப்போது ஒரு மிஷின் நின்றது. நிறுத்தியவன் கவியரசன்.

“எனக்கும் பத்து நாளா இருமுது சார். பயந்துகிட்டு மறைச்சேன்.” உத்தமனை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு முகமில்லை. “எல்லாருக்கும் டெஸ்ட் எடுங்க. வியாதின்னு வந்தா வேலை போகாதுன்னு எழுதிக் குடுங்க. ஜன்னலத் தொறங்க. அப்புறம் மிஷின் ஓடும்.”

ஒவ்வொரு மிஷினாக அடங்கியது. ஞானசேகரன் முதலாளிக்குப் போன் போட ஓடினார். என்ன பதில் வருமோ, யாருக்கும் தெரியாது. எல்லோரும் முற்றத்து வெட்டவெளியில் வந்து உட்கார்ந்தார்கள்.

வீணாவும் கவியரசனும் வாயை மூடிக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். கேட்டருகே கவியரசன் திரும்பினான்.

“நீயும் வாடா. பயமா இருக்கு.”

உத்தமன் எழுந்து நடந்தான்.

“போயிட்டு வாங்க,” என்று முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தியான ஃபாத்திமா குரல் கொடுத்தாள். “நீங்க மூணு பேரும் வர்ற வரைக்கும் இங்க ஒரு மிஷினும் ஓடாது.”