காற்றடைக்க ஓர் ஆள்

ஜூன் மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் இத்வல் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை அவரே போன் செய்தார். அவர் போன் செய்கிற ஆள் அல்ல.

"இன்ஜினியரு, துப்பாக்கி வாங்கணும். திங்கக்கிழமை லீவு போடு."

"எதுக்குத் துப்பாக்கி?"

"அணிலுக்கு. உனக்குன்னு நெனச்சியா?"

இத்வல் என் மனைவி நெஸ்டாவின் அப்பா. வேல்ஸ் எல்லையில், மலைச்சரிவில் ஆடு வளர்க்கிறார். நான் இங்கிலாந்துப் பக்கம், முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறேன். நகராட்சியில் சாக்கடை, வடிகால் வேலை. நெஸ்டா போன நவம்பரில் இறந்துபோனாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. முப்பத்தொரு வயது.

கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு மதியச் சாப்பாடு அவர் வீட்டில்தான். அவள் போன பிறகும் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்கள், மோட் என்கிற ஒரு நாய், அளவுக்கு மேல் வெந்த ஆட்டுக்கறி. அவளைப் பற்றிப் பேசமாட்டோம். வேறு பேச எங்களிடம் எதுவும் இல்லை. நான் வராமல் இருந்தால் அவருக்கும் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது. அதனால்தான் அந்த இரண்டு ஞாயிறு.

ஆனால் அணில் விஷயம் பொய் இல்லை. எங்கள் பக்கம் சிவப்பு அணில் செல்லம், சாம்பல் அணில் திருடன். கோடை பிறந்தால் இளமரங்களின் பட்டையை உரித்துத் தின்னும். சுற்றி உரித்துவிட்டால் மரம் அதற்கு மேலே செத்துவிடும். இத்வல் வீட்டுக்குப் பின்னால் ஓக் கன்றுகள் ஒரு தோப்பாக நின்றன. நெஸ்டா கல்லூரிக்குப் போன வருஷம் அப்பாவும் மகளும் நட்டவை. இப்போதுதான் தொடை தடிமனுக்கு வந்திருந்தன.

அவரிடம் பழைய ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்று உண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். ஜனவரியில் பனியில் வழுக்கி விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டார். அதன் பிறகு அவரால் குழலை மடக்க முடியவில்லை. மே மாதம் ஒரு ஞாயிறு நான் மடக்கிக் கொடுத்தேன், அவர் சுட்டார். ஸ்பிரிங் உதைத்தது, தோள் துள்ளியது, குண்டு அணிலின் வயிற்றில் பட்டது. அது வேலி ஓரமாக உடம்பை இழுத்துக்கொண்டே போனது. நான்தான் போய் முடித்தேன். இத்வல் அன்று தட்டில் கை வைக்கவில்லை. கறியை மோட் தின்றது.

திங்கட்கிழமை சந்தை ஊருக்குப் போனோம். துப்பாக்கிக் கடை கறிக்கடைக்குப் பக்கத்தில். கடைக்காரி க்ளெனிஸ், மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட பெருத்த பெண்மணி.

"வாங்க இத்வல். இன்னும் உசுரோடதான் இருக்கீங்களா?"

"உன் கடைக்கு வந்தா அதுவும் போயிடும்னுதான் வர்றதில்ல."

"இவரு யாரு?"

"நெஸ்டாவோட வீட்டுக்காரர்."

க்ளெனிஸ் என்னைப் பார்த்தாள். பிறகு மேசைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நான் இரண்டு நாள் உட்கார்ந்து படித்துவிட்டுப் போயிருந்தேன். அவருக்கு வேண்டியது முன்கூட்டியே காற்றடைத்த துப்பாக்கி. குழலுக்குக் கீழே ஒரு சிலிண்டர், அதில் அழுத்தமான காற்று. ஒரு தடவை அடைத்தால் ஐம்பது அறுபது குண்டு சுடலாம். மடக்க வேண்டாம், ஓரத்தில் சின்ன நெம்புகோல், விரலால் இழுத்தால் போதும். உதை கிடையாது. பன்னிரண்டு அடி-பவுண்டு சக்திக்குக் கீழே என்றால் எங்கள் பக்கம் லைசென்ஸும் வேண்டாம். எது என்றும் முடிவு செய்திருந்தேன்: கறுப்பு நிறம், குட்டை உருவம், விசைக்குப் பின்னால் எல்லா எந்திரமும். புதருக்குள் தூக்கிக்கொண்டு நடக்க வசதி.

க்ளெனிஸ் அதை எடுத்து வைத்தாள். இத்வல் தொடவில்லை.

"இது என்ன, சுவத்துல ஓட்டை போடற மெஷினா?"

"இந்தக் காலத்துப் பசங்க இதத்தான் கேக்கறாங்க," என்றாள் க்ளெனிஸ்.

"பசங்களுக்குக் குடு."

"ஒரு தடவ தூக்கிப் பாருங்க," என்றேன்.

தூக்கினார். கன்னத்தை வைத்தார். முகம் அசையவில்லை. ஆனால் கழுத்தில் ஒரு நரம்பு புடைத்தது. அந்தத் துப்பாக்கியின் எடை முழுக்கப் பின்பக்கம், நேராகத் தோளில் உட்காருகிறது. இதை நான் படித்த எந்தப் பக்கத்திலும் யாரும் எழுதியிருக்கவில்லை.

"வேண்டாம். இதத் திரும்ப உள்ள வைங்க," என்று நானே சொன்னேன்.

"ஏன்? நல்லாத்தான இருக்கு," என்றார் இத்வல், உடனே கீழே வைத்துவிட்டு.

அடுத்து மூன்று பார்த்தோம். ஒன்று நீளம். அவர் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் பாதி நாள் சுடப்போகிறார், அதற்குள் திருப்ப முடியாது. ஒன்றில் விசை அவர் தடித்த விரலுக்கு ரொம்ப லேசு, தொட்ட மாத்திரத்தில் வெடித்தது. மூன்றாவது மரக் கட்டை போட்ட குட்டைக் குழல். எடை நடுவில் நின்றது, இடது கை தாங்கிக்கொண்டது.

பிறகு குண்டின் அளவில் சண்டை. 'ஒன் செவன் செவன்' என்கிற சின்னக் குண்டு நேர்க்கோட்டில் போகும், தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் மன்னிக்கும் என்றாள் க்ளெனிஸ். நானும் அதையே சொன்னேன்.

"டூ டூ," என்றார் இத்வல், அதைவிடப் பெரிய அளவை.

"காரணம்?" என்றேன்.

"வீட்டு அலமாரில அந்தக் குண்டு மூணு டப்பா கெடக்கு. அத யாரு திங்கறது?"

"குண்டு டப்பாவுக்காகத் துப்பாக்கி வாங்கற மனுஷன இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றாள் அவள்.

"உன் அம்மா அடுப்புக்கு ஏத்த மாதிரி வீட்டயே மாத்திக் கட்டல?"

க்ளெனிஸ் சிரித்துவிட்டாள். உண்மைதான் போலிருக்கிறது.

கடைக்குப் பின்னால் நீண்ட தகரக் கொட்டகை இருந்தது. தாங்கியில் சாய்த்து ஐந்து குண்டு சுட்டார். சத்தமே இல்லை, யாரோ தும்மலை அடக்கியது போல. குறி அட்டையை எடுத்துவந்தோம். ஐந்து ஓட்டையும் ஒரு நாணயத்துக்குள் அடங்கின. அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதைக்கவே இல்ல," என்றார்.

"உதைக்காது."

"அந்த அணிலுக்கு இது இருந்திருக்கணும்."

அட்டையை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கடைசியாகக் காற்று. காற்றடைக்க இரண்டு வழி. கடலில் முங்குகிறவர்கள் முதுகில் மாட்டுகிற மாதிரி இரும்பு பாட்டில் ஒன்று வாங்கலாம். அதைக் கடையில் நிரப்பி வைத்துக்கொண்டால் குழாயை மாட்டித் திருகினால் போதும், ஒரு நிமிஷ வேலை. இல்லையென்றால் கைப்பம்பு. சைக்கிள் பம்பைப் போலத்தான், ஆனால் அது ராட்சசன். கார் டயரின் காற்றைப் போல நூறு மடங்கு அழுத்தம். உடம்பை மொத்தமாக அதன் மேல் போட வேண்டும்.

"பாட்டில்தான்," என்று நானும் க்ளெனிஸும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"பம்ப்," என்றார் இத்வல்.

"தோள வெச்சுக்கிட்டு அதுல பத்து அடி கூட அடிக்க முடியாது உங்களால," என்றேன்.

"நான் ஏன் அடிக்கறேன்?"

"பின்ன யாரு, மோட்டா?"

க்ளெனிஸ் மூக்கு நுனிக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"பாட்டில் கனம்," என்றார் கடைசியில். "அதத் தூக்கிட்டு அடிக்கடி இங்க வந்து நிரப்பணும். இவ மூஞ்சியப் பாக்கணும். பம்ப் குடு."

எரிச்சலாக இருந்தது. மடக்க முடியாத தோளுக்காகத் துப்பாக்கி வாங்கிவிட்டு, அதைவிடக் கடுமையான வேலையைச் சேர்த்து வாங்குகிறார். வீட்டு வாசலில் அவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழம வர்றப்ப பழைய சட்ட போட்டுக்கிட்டு வா."

அந்த ஞாயிறு தொழுவத்தில் பம்பின் மிதியில் இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். கை பலத்தால் அடித்தால் ஆகாது. இடுப்பை வளைத்து, முழு எடையையும் இறக்கி, ஒவ்வொரு அடிக்கும் அடியில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். பம்பு சூடானால் ஆறவிட வேண்டும். இத்வல் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து துப்பாக்கியில் காற்றழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தார்.

"ஏறுதா?" என்றேன்.

"யோசிச்சுக்கிட்டிருக்கு."

"நல்லாப் பாருங்க."

"அரசாங்க வேலயில இருக்கறவன் அடிக்கற மாதிரி அடிச்சா முள்ளும் அப்படித்தான் ஏறும்."

முள் பச்சைக் கோட்டுக்குள் போனபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நவம்பருக்குப் பிறகு எனக்கு வியர்த்ததாக ஞாபகம் இல்லை. அன்று கறியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவர் புதினாச் சாற்றை என் பக்கம் தள்ளினார்.

அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. தவற முடியாது, காற்று தீர்ந்திருக்கும். நான் அடிப்பேன், அவர் வாளியில் உட்கார்ந்து கிண்டல் செய்வார். ஆகஸ்டில் ஒரு நாள், நெஸ்டா பத்து வயதில் இதே தொழுவத்தில் சைக்கிள் பம்பை உடைத்துவிட்டுப் பழியை நாய் மேல் போட்ட கதையைச் சொன்னார். நான் அடிப்பதை நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவள் பெயரை நாங்கள் வாய்விட்டுச் சொல்ல அந்த இரைச்சல் போதுமானதாக இருந்தது.

அணில்கள் குறைந்தன. தலையில் ஒரே குண்டு, இருந்த இடத்திலேயே விழும். சில சமயம் லீக் வெங்காயமும் பன்றி இறைச்சியும் போட்டு அணில் குழம்பு வைத்தார். ஓக் மரங்களில் இரண்டுதான் போயின. ஒரு விஷயம் மட்டும் எனக்குக் கணக்கில் உதைத்தது. வாரத்துக்கு நாலோ ஐந்தோ அணில். முள் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் அடிமட்டத்தில் கிடக்கும். கேட்டால், "தகர டப்பா சுட்டுப் பழகினேன்," என்பார். சுடப்பட்ட டப்பா எதையும் நான் பார்த்ததில்லை. காற்று கசிகிறதோ என்று சந்தேகப்பட்டேன்.

அக்டோபரில் எனக்கு நியூகாசிலில் வேலை வந்தது. பெரிய பதவி. காரில் அரை நாள் தூரம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். பம்பு அடித்து முடித்துச் சாப்பிடும்போது சொன்னேன்.

இத்வல் உருளைக்கிழங்கை வெட்டினார். "நல்ல ஊருதான்," என்றார். "ஆத்து மேல பாலமெல்லாம் அழகா இருக்கும்."

"காத்துக்கு என்ன பண்றதுன்னு பாக்கணும். பாட்டில் வாங்கிடலாம்."

"வாங்கிடலாம்."

அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க, போவதாகத்தான் இருந்தேன்.

அடுத்தது அக்டோபரின் கடைசி ஞாயிறு. அன்று அதிகாலை, குளிர்காலத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். எங்கள் வீட்டில் அது நெஸ்டாவின் வேலை. ஸ்டூல் போட்டு ஏறிச் சமையலறைக் கடிகாரத்தைத் திருப்புவாள், பிறகு காரில் இருப்பதை. மார்ச்சில் முன்னால் தள்ள வேண்டியபோது இத்வல் முந்தின ஞாயிறே நினைவூட்டினார்; இந்தத் தடவை எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. போனைப் பார்க்காமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பினேன். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தேன்.

சந்து குறுகலானது. கீழே காரை நிறுத்திவிட்டு நடப்பதுதான் வழக்கம். வேலித் திருப்பத்துக்கு வந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. அடக்கிய தும்மல். இன்னொன்று. விடாமல், ஒரே சீராக.

வேலி இடைவெளியில் பார்த்தேன். இத்வல் தொழுவத்துக்கு முன் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மடியில், குழல் மண்மேட்டைப் பார்த்தபடி. குண்டு போடும் சின்னத் தட்டு கழற்றிப் பக்கத்துக் கல் மேல் வைக்கப்பட்டிருந்தது. நெம்புகோலை இழுத்தார், விசையை அழுத்தினார். வெறும் காற்று. குனிந்து முள்ளைப் பார்த்தார். மறுபடி இழுத்தார். இடையில் நிறுத்தித் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். ஆட்டுக்கு மருந்து கொடுக்கிற மாதிரி, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், நான் அடைத்துவிட்டுப் போன காற்றையெல்லாம் வெளியே விட்டுக்கொண்டிருந்தார்.

மோட் என்னைப் பார்த்துவிட்டது. குரைக்காமல் வேலிக்கு அடியில் நுழைந்து வந்தது. நான் திரும்பிக் கீழே நடந்தேன். அதுவும் கூடவே வந்து காரில் ஏறிக்கொண்டது. ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். காரின் கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். எந்தப் பொத்தான் என்று மறுபடி கண்டுபிடிக்க நேரம் ஆனது. பிறகு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். மோட் என் காதை நக்கியது. வெகுநேரம் நக்க வேண்டியிருந்தது.

சரியான நேரத்துக்குத் திரும்பப் போனேன்.

"மோட் உன்கூட வருதா?" என்றார் வாசலில்.

"ரோட்டுல பாத்தேன்."

என் கண்ணைப் பார்த்தார்.

"காத்து தீந்துபோச்சு," என்றார்.

"தெரியும். டப்பா சுட்டிருப்பீங்க."

"ஆமா. நெறைய டப்பா."

மிதியில் ஏறி நின்று அடித்தேன். அவர் அன்று கிண்டல் செய்யவில்லை. முள் பாதி ஏறியபோது பம்பின் கழுத்தில் லேசாகச் சீறியது. நிறுத்தினேன்.

"என்ன ஆச்சு?"

"உள்ள இருக்கற ரப்பர் வளையம் தேஞ்சுபோச்சு. மாத்தணும். அடுத்த ஞாயித்துக்கெழம க்ளெனிஸ்கிட்ட வாங்கிட்டு வர்றேன்."

"அடுத்த ஞாயித்துக்கெழம."

"ஆமா."

"நியூகாசில்?"

"வேண்டாம்னு நாளைக்கு போன் பண்ணிச் சொல்லணும்."

இத்வல் குனிந்து மோட்டின் காதைப் பிடித்து எதையோ தேடினார். உண்ணி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"அந்த வளையம் ஒண்ணு எவ்வளவு நாள் வரும்?"

"ஒழுங்கா எண்ணெ போட்டா மூணு நாலு வருஷம்."

"அப்ப ரெண்டா வாங்கிடு," என்றார். "கறி ஆறுது, வா."