எல்டனின் கோதுமைக்குள் ஒரு கோடு

மதியத்துக்கு மேல் கிளெம் லைக்கரின் அறுவடை இயந்திரத்தில் ஒரு பேரிங் காய்ந்து, பழுக்கச் சூடேறியது. நெருப்பு அங்கேதான் தொடங்கியது.

அறுவடை இயந்திரம் கோதுமையை வெட்டி, கதிரடித்து, மணியைத் தொட்டியில் சேர்த்துவிட்டு, வைக்கோலைப் பின்னால் துப்பிக்கொண்டே போகும். அப்போது கிளம்பும் உமி அதன் இண்டு இடுக்கெல்லாம் போய் அடையும். பேரிங்கில் மசகு தீர்ந்து இரும்பும் இரும்பும் உரசினால், சுற்றியிருக்கும் உமி முதலில் கருகும், பிறகு கனலும், பிறகு கொத்தாக வயலில் விழும். ஓட்டுகிறவர் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார். நெருப்பு அவர் முதுகுக்குப் பின்னால் பிறக்கும்.

கிளெமின் மனைவி வெர்லா வயலோரத்தில் தானிய லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். புகையைப் பார்த்ததும் அவள் கிளெமைக் கூப்பிடவில்லை. ஓடிப்போய் டிராக்டரில் ஏறினாள். ரோசன்டால் ஊரில் எந்த வயலில் வெட்டு நடந்தாலும், அதன் ஓரத்தில் வட்டுக் கலப்பை பூட்டிய டிராக்டர் ஒன்று சாவியோடு நிற்கும். நிற்கவில்லை என்றால் அந்த வீட்டாரைப் பற்றி ஊர் பேசும்.

வட்டுக் கலப்பை நெருப்பை அணைக்காது. நெருப்புக்குப் போகும் தீனியைத்தான் நிறுத்தும். சாய்ந்த இரும்புத் தட்டுகள் அரிதாளை வெட்டி மண்ணுக்குள் புரட்டிவிடும். பின்னால் வெறும் மண் பட்டையாகக் கிடக்கும். பட்டைவரை வந்த நெருப்பு, தின்ன ஒன்றுமில்லாமல் பட்டினியில் சாகும். இதில் ஊருக்கு ஒரே ஒரு விதி. அறுத்த வயல் என்றால் யார் வேண்டுமானாலும் கேட்காமல் உழலாம். கதிர் நிற்கும் வயலில் கலப்பையை இறக்குமுன் வயல்காரரைக் கேட்டாக வேண்டும்.

போன ஆண்டு வெர்லா கேட்கவில்லை. மின்னல் விழுந்து பிடித்த நெருப்புக்கு முன்னால் ஓடி, கிழக்கே இருக்கும் எல்டன் பௌமருக்கரின் விளைந்த கோதுமைக்குள் அகலமாக ஒரு பட்டையை உழுதுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் காற்று விழுந்துவிட்டது. நெருப்பு பட்டைக்கு வெகு தூரத்திலேயே தானாக அணைந்தது. அவ்வளவு கதிரும் மண்ணுக்குள் வீணாகக் கிடந்தது. கிளெம் ஈடு கொடுக்கப் போனான். எல்டன் கதவைத் திறக்கவில்லை. இந்த ஊரில் எதிரே வண்டி வந்தால், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவதுதான் வணக்கம். அன்றிலிருந்து லைக்கர் வீட்டு வண்டிக்கு எல்டனின் விரல் எழுந்ததில்லை.

தெற்கிலிருந்து பலமான காற்று. நெருப்பு நேராக வடக்கே ஓடியது. அரைமணிக்குள் அக்கம்பக்கத்து டிராக்டர்கள் எல்லாம் அதன் தலைக்கு முன்னால் வந்து சேர்ந்தன. ஊரின் தீயணைப்பு வண்டியும் வந்தது. அதை நடத்துகிற மார்லின் மற்ற நாட்களில் தபால்காரர். கிளெம் முகமெல்லாம் கரியோடு மண்வெட்டியால் அடித்துக்கொண்டிருந்தான். ஓடுகிற தலையை அடித்து நிறுத்தவேண்டும் என்றே எல்லாருக்கும் தோன்றும். வெர்லாவும் அவர்களோடு இரண்டு சுற்று உழுதாள். மூன்றாவது சுற்றுக்குத் திரும்பும்போது மேற்கே பார்த்தாள்.

மேற்கே ஒரு பெரிய மேகம். அதன் அடியிலிருந்து மழை சாம்பல் திரைபோலத் தொங்கியது, ஆனால் தரையைத் தொடவில்லை. இந்த மேட்டுச் சமவெளியின் காற்று அவ்வளவு வறண்டது. மழை பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். ஆவியாகும்போது சுற்றியிருக்கும் காற்றைக் குளிரவைக்கும். குளிர்ந்த காற்று கனமாகி, கல்போலக் கீழே விழுந்து, தரையில் நாலாபக்கமும் பரவும். அந்த மேகத்துக்குக் கீழே பழுப்பாக ஒரு தூசிச் சுவர் எழுந்து நகர்ந்து வருவதை வெர்லா பார்த்தாள்.

அது வந்து சேர்ந்தால் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். இப்போது தலை வடக்கே ஓடுகிறது. அதன் கிழக்கு விலா, வயலோரத்து மண்சாலையை ஒட்டிச் சோம்பலாக எரிந்துகொண்டிருக்கிறது. காற்று திரும்பிய அந்த நொடியில், அரை மைல் நீளமுள்ள அந்த விலா முழுவதும் தலையாகிவிடும். சாலைக்கு அந்தப் பக்கம் எல்டனின் கோதுமை. கோதுமைக்கு அந்தப் பக்கம் எல்டனின் வீடு. நெருப்போ லைக்கர் வீட்டு நெருப்பு.

அவள் ரேடியோவில் மார்லினிடம் சொன்னாள். தலையை விட்டுவிட்டு யாரும் நகரக்கூடாது என்றார் அவர். அந்தத் தூசி வேறு பக்கம் போனாலும் போகும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

"அந்தப் பக்கம் உழணும்னா எல்டன் வயல்லதான் உழணும். அவர்கிட்ட கேட்டியா?"

எல்லா டிராக்டரிலும் அதே அலைவரிசைதான். கேள்வி எல்லாருக்கும் கேட்டது.

"கேக்கத்தான் போறேன்," என்று வெர்லா கலப்பையைத் தூக்கிக்கொண்டு வரிசையிலிருந்து விலகினாள். அவள் ஓடிப்போவதுபோலத்தான் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எல்டனின் இயந்திரம் அவர் வயலின் வடமேற்கு மூலையில் நின்றது. புகையைப் பார்த்து வெட்டை நிறுத்திவிட்டு, ஏணிப்படியில் நின்றபடி சாலையோர நெருப்பை முறைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயது, ஒல்லி, தலையில் வெளிறிய தொப்பி. வெர்லா இறங்கிப்போய் மேற்கே கை காட்டினாள். சாலையை ஒட்டி, வயலின் முழு நீளத்துக்கும் ஒரு பட்டை வேண்டும் என்றாள்.

"போன வருசமும் இப்படித்தான் கலப்பையோட வந்த," என்றார் எல்டன்.

"போன வருசம் கேக்காம வந்தேன். அது தப்பாவும் போச்சு. இன்னைக்கும் தப்பாப் போனா ஊர் பூரா சொல்லிக்குங்க."

"சொல்லாமயா விடுவேன்."

அவர் தூசிச் சுவரைப் பார்த்தார். அது இப்போது தொலைவிலிருந்த தானியக் கிடங்கை மறைத்துவிட்டது. சாலையின் மேற்குப் பள்ளத்தில் காய்ந்த புல் ஒவ்வொரு கொத்தாகப் பற்றிக்கொண்டிருந்தது.

"நிக்கிற கதிர்ல ஒண்ணைக்கூட மண்ணுக்குள்ள போட விடமாட்டேன்," என்றார் கடைசியில். "நான் முன்னால வெட்டிக்கிட்டுப் போறேன். நீ என் பின்னாலேயே வா. நான் வெட்டினதை மட்டும்தான் நீ தொடணும்."

"உமி மூட்டை மாதிரி இருக்கிற மிஷினை நெருப்புக்குப் பக்கத்துல ஓட்டிட்டுப் போறீங்களே?"

"உன் புருஷன மாதிரி மசகு போடாம ஓட்டுறவன் இல்ல நான்."

அவர் ஏறிக் கதவைச் சாத்தினார்.

கோபமாகச் சொன்னாலும் அது மோசமான யோசனை இல்லை. நெருப்பு எதைத் தின்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அதன் உயரம். இடுப்பளவு நிற்கும் கோதுமையில் பிடித்தால் சுவாலை வீட்டுக் கூரை உயரம் எழும். சாலைப் பள்ளத்துப் புல்லில் பிடித்தால் ஆள் உயரம்தான். ஓரத்துக் கதிரை முழுக்க வெட்டி எடுத்துவிட்டால், பட்டைக்கும் சாலைக்கும் நடுவே புல் மட்டும்தான் மிஞ்சும். ஆனால் விளைச்சல் நல்ல விளைச்சல். அடர்ந்த கோதுமையில் இயந்திரம் வேகம் எடுக்காது. எடுத்தால் தொண்டை அடைத்து நின்றுவிடும்.

அதனால் வெர்லா அவர் பின்னால் ஊர்ந்தாள். வைக்கோல் தூசி கண்ணாடியை மூடியது. வலப்பக்கம் சாலைக்கு அப்பால் நெருப்பு அவளோடு கூடவே வந்தது. தெற்கு மூலையில் மாடுகள் மொட்டையாக மேய்ந்த புல்வெளி. பட்டை அதைத் தொட்டுவிட்டால் போதும். கால் மைல் தாண்டியது. அதற்கு மேலும் போனது. தென்காற்று திடீரென்று நின்றது. புகை நிமிர்ந்து நேராக மேலே எழுந்தது. மேற்குக் காற்று வரப்போவதற்கு அதுதான் அடையாளம் என்று அவளுக்குத் தெரியும்.

இன்னும் நாலைந்து வீட்டுமனை நீளம் பாக்கி. எல்டனின் வேகத்தில் போனால் நேரம் பத்தாது. அவரைத் தாண்டிப் போகவேண்டும் என்றால், நிற்கும் கதிருக்குள் கலப்பையோடு இறங்கவேண்டும். ஒன்றைக்கூடத் தொடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் வந்திருக்கிறாள். அவள் ரேடியோவை எடுத்தாள்.

"எல்டன், காத்து திரும்பப்போகுது. நான் உங்களைத் தாண்டணும்."

முன்னால் இயந்திரம் அதே வேகத்தில் வெட்டிக்கொண்டே போனது.

"கேட்டுட்டுத்தான் செய்யணும்னு நிக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்க."

முன்னால் போன இயந்திரம் அப்படியே நின்றது. கதிர் வெட்டும் முன்பகுதி மெதுவாக மேலெழுந்தது. வெர்லா இடப்பக்கம் ஒடித்து அதன் பக்கவாட்டில் வந்தாள். அழுக்கேறிய கண்ணாடிக்குள் எல்டன் அவளைப் பார்க்கவில்லை. நேரே தெற்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் இருந்த கையிலிருந்து ஒரு விரல் மட்டும் எழுந்தது.

அவள் கலப்பையை இறக்கினாள்.

கோதுமை டிராக்டரின் முன்னால் சாய்ந்து, தட்டுகளுக்கு அடியில் போய் மறைந்தது. மேற்குக் காற்று வந்து மோதியபோது டிராக்டரே ஒரு பக்கமாக ஆடியது. குளிர்ந்த காற்று, ஈரமண் வாசனையோடு. வலப்பக்கம் நெருப்பு முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் எழுந்து, சாலையைத் தாண்டிக் குனிந்தது. அவள் புல்வெளியைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தாள். எல்டன் இயந்திரத்தை உழுத மண்ணின் நடுவே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். பட்டைவரை வந்த சுவாலை அங்கேயே எம்பியது, தாழ்ந்தது, தேடியது. ஓரிடத்தில் மட்டும் ஒரு தீக்கங்கு பறந்துபோய் அந்தப் பக்கத்துக் கதிரில் விழுந்தது. வெர்லா குதித்து ஓடினாள். எல்டன் குடிதண்ணீர் ஜாடியோடு அவளுக்கு முன்பே அங்கே போய்விட்டார். ஜாடியைக் கவிழ்த்தார், பிறகு தொப்பியால் அடித்தார், பிறகு இரண்டுபேரும் காலால் மிதித்தார்கள். அது அணைந்தபிறகும் மிதித்துக்கொண்டே இருந்தார்கள்.

வீட்டுப் பக்கம் மரங்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. பச்சையாகவே இருந்தன.

எல்டன் பட்டையில் நடந்து, அவள் அவரைத் தாண்டிய இடத்துக்குப் போனார். பாதி புதைந்த ஒரு கதிரை மண்ணிலிருந்து உருவி, உள்ளங்கையில் கசக்கி, ஊதி, மணியை வாயில் போட்டு மென்றார்.

"இங்க கோணிப்போயிருக்கு," என்றார்.

"நேராப் போற வழியில நீங்கதானே நின்னீங்க."

அவர் மென்றுகொண்டே இருந்தார். அவள் இடுப்பிலிருந்த ரேடியோவில் கிளெமின் குரல் இரண்டாவது முறையாக எல்டனின் வீட்டைப் பற்றிக் கேட்டது. எல்டன் கையை நீட்டி வாங்கினார்.

"வீடு இருக்கு, கிளெம்," என்றார். "உன் பெண்டாட்டிக்கு ஒரு கோடு நேரா போடத் தெரியல. அவளை இப்பவே கூப்பிட்டுக்காத. பொறி பறந்து வந்துச்சு, வீட்டுப் பக்கமா கிழக்கேயும் ஒரு சுத்து ஓட்டவிட்டு அனுப்புறேன்."

வெர்லா டிராக்டரை நோக்கி நடந்தாள்.