திரையில் வராத காலியிடம்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இடமாறுதல் கலந்தாய்வு நடக்கும் அரங்கு அது. எந்தப் பள்ளியில் எந்த ஆசிரியர் இடம் காலி என்று பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் படிக்கும் பள்ளி மட்டும் வரவே இல்லை.

"காலை ஆட்டாம இருடி. எனக்குத் தலை சுத்துது," என்றாள் துணைக்கு வந்திருந்த தோழி.

இருவரும் ஒரே அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர்கள். பிள்ளைகள் காரில் வந்து இறங்கும் பகுதி. கணக்குக்கு மட்டும் எங்களோடு ஐந்து பேர். என் வீடோ ஊரின் மறுகோடியில். எங்கள் பகுதிப் பிள்ளைகள் அங்குள்ள அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டுமாம். பத்தாவது படிக்கும் என் மகளுக்குக் கணக்கு டீச்சரே கிடையாது. விளையாட்டு வாத்தியார் எட்டிப் பார்த்து, "சத்தம் போடாம ஏதாவது எழுதுங்க" என்பார். சாயங்காலம் நானே சொல்லித் தருகிறேன். அவள் வகுப்பில் பாதிப் பேர் என் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்து அந்தப் பள்ளியைக் கேட்டேன்.

"அங்க ஆள் இருக்காங்களே, டீச்சர்," என்றார் அதிகாரி. "மாசாமாசம் சம்பளம் போகுது."

"யாருமே கண்ணால பார்த்ததில்லையே, சார்!"

"தற்காலிகமா வேற ஸ்கூலுக்கு அனுப்பியிருக்கோம். உங்க ஸ்கூலுக்குத்தான்."

திரும்பினேன். தோழி கைப்பையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். தினமும் என் டப்பாவில் பாதியைச் சாப்பிடுகிறவள்.

"நீயா?"

"மூணு மாசம்னுதான் வந்தேன். அப்புறம் யாரும் திரும்பப் போகச் சொல்லல," என்று கிசுகிசுத்தாள். "சொல்லிடாதடி. படுக்கையில கிடக்கிற மாமியாரை விட்டுட்டு அவ்வளவு தூரம் எப்படிப் போவேன்?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் என்னைக் கேட்காமலே மைக்கில் பேசிவிட்டது. "சார், அந்த டீச்சர் இவங்கதான்."

அரங்கே திரும்பிப் பார்த்தது. அதிகாரி யோசிக்கவே இல்லை. "அப்ப அவங்களே திரும்பிப் போகட்டும். நீங்க இருக்கற இடத்துலயே இருங்க."

தோழி என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாள். நான் கேட்டது இதையல்ல என்று யாரிடம் சொல்வது?

திங்கட்கிழமை மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். "கணக்கு மிஸ் வந்துட்டாங்கம்மா!"

"திட்டினாங்களா உன்னை?"

"ஏன் திட்டணும்? சூப்பரா நடத்தினாங்க. எல்லா செக்‌ஷனையும் ஒண்ணா உட்கார வெச்சு. கடைசில பாவம், குரலே போயிடுச்சு."

"என்னைப் பத்தி ஏதாவது..."

"ம். 'அங்க உங்கம்மாவோட நாலு பேர் ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்திருக்காங்க, இங்க நான் ஒருத்தி. அதையும் மைக்கைப் பிடிச்சுச் சொல்லச் சொல்லு'ன்னாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதில் ஒரு வார்த்தையைக்கூடத் தப்பென்று சொல்ல முடியாத கோபம்.